ஒன்பதாம் எண் ஆட்டக்காரிக்கு அக்கா காய்ச்சிய கஞ்சி

1

சுவீடனுக்கு வந்து முப்பது வருஷம் ஆகப் போகிறது. ஊரில் இன்னும் நான் சுவிட்சர்லாந்துக்காரன்தான். கொட்டாரம் சந்திப்பில் டீக்கடைப் பக்கம் போய் நின்றால், "யாரு, தாணுவா? சுவிஸ்ல இருந்து எப்ப வந்தே?" என்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "நேத்து வந்தேன்" என்று சொல்லி விட்டுவிடுகிறேன். அடுத்த கேள்வி மகளைப் பற்றித்தான் வரும்.

"பிள்ளை என்ன செய்யா?"

"பந்து விளையாடுகா."

"அது செரி. வேலை?"

"அதுதாம்ப்பா வேலை."

கேட்டவர் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பாவம், இவனுக்கு ஏதோ குடும்பத்தில் சிக்கல் என்பதுபோல் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். எனக்குச் சுள்ளென்று வரும். என் மகள் உமா சுவீடன் பெண்கள் கால்பந்தில் முதல் பிரிவில் ஃபார்வர்டாக ஆடியவள். முதுகில் ஒன்பதாம் எண். கோலடிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவள். இதை ஒரு டீ ஆறுவதற்குள் கொட்டாரத்துக்காரருக்கு எப்படிப் புரிய வைப்பது?

இந்தக் குறிப்பை நான் எழுதுவதற்குக் காரணம், இந்த ஆடியில் அப்பாவின் திவசத்துக்கு ஊர் வந்தபோது நடந்த ஒரு காரியம். பெரிய காரியம் ஒன்றுமில்லை, ஒரு கிண்ணம் கஞ்சி. அந்தக் கஞ்சியில் என் மகளின் பிழைப்பு மாட்டிக்கொண்டது.

2

நாங்கள் இருப்பது மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். நான் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். மனைவி செல்வி முதியோர் இல்லத்தில் நர்ஸ். உமாவுக்கு ஆறு வயதானபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஊர் கிளப்புக்குப் போனாள். அவ்வளவுதான், எங்கள் சனி ஞாயிறெல்லாம் அத்தோடு போயிற்று.

இந்த நாட்டில் பிள்ளை பந்து விளையாட வேண்டுமென்றால் பெற்றவர்கள் பாடுபட வேண்டும். ஒரு வாரம் மைதானத்துப் பெட்டிக்கடையில் நின்று சாசேஜ் விற்கணும். ஒரு வாரம் அணியின் சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து துவைக்கணும். கிளப்புக்கு நிதி சேர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு குடும்பமும் கக்கூஸ் காகிதக் கட்டுகளை வீடு வீடாக விற்கணும். நான் சும்மா சொல்லவில்லை, இது இங்கே பெரிய வழக்கம். கொட்டாரத்தில் நாலு கோட்டை விதைப்பாட்டு வயலுக்குச் சொந்தக்காரரின் மகன் நான், பனியில் கால் புதையப் புதைய நடந்து, கதவைத் தட்டி, "கக்கூஸ் காகிதம் வேணுமா?" என்று கேட்டேன். அப்பா உயிரோடு இருந்தவரை இந்த விஷயம் அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

ஃபார்வர்டின் வேலை முக்கால்வாசி ஓடுவதும் ஏமாறுவதும்தான் என்பது எனக்குப் புரியவே வருஷங்கள் ஆயின. பந்து அவள் காலில் இருப்பது ரொம்பக் கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம், பின்னால் ஒரு தடிச்சி முழங்கையால் விலாவில் இடித்துக்கொண்டே நிற்க, வருமோ வராதோ என்கிற பந்துக்காக விட்டு விட்டு ஓடணும். பெரும்பாலும் வராது. வராத கோபத்தில் ஒரு தடவை ஓடாமல் நின்றால் அன்றைக்குப் பார்த்து வந்து தொலைக்கும். உமா ஓடாமல் நின்று நான் பார்த்ததில்லை. அந்தப் பிடிவாதம் செல்வி வீட்டுப் பக்கமிருந்து வந்தது என்று செல்வி சொல்லிக்கொள்வாள். சவத்தை விடு, அப்படியே இருக்கட்டும்.

பள்ளி முடிக்கும் முன்பே முதல் ஒப்பந்தம். காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் பாலர் பள்ளியில் வேலை. பெண்கள் ஆட்டத்தில் வருகிற சம்பளத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. முதல் பிரிவில் அவள் அடித்த முதல் கோல் நல்ல மழையில், தலையால் இடித்தது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத கிழவர் ஒருவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் மரியாதையாக விலகி உட்கார்ந்தார். இருபது வயதில் வலது முட்டிக்குள் எலும்பைப் பிடித்து நிற்கிற லிகமென்ட் அறுந்தது. ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து முன்னைவிட அதிகமாகக் கோலடித்தாள். தேசிய அணியின் முகாமுக்குக் கூப்பிட்டார்கள். மாற்று ஆட்டக்காரியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், களத்தில் இறக்கவில்லை. அடுத்த முகாமில் இறக்குவார்கள் என்றிருந்தபோது இடது முட்டியும் போயிற்று.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து. அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆகஸ்டில் அணியோடு சேரலாம் என்றார்கள். நவம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. அந்த இடைவெளியில் அவள் ஆடிக் காட்டினால்தான் அடுத்த ஒப்பந்தம். இரண்டு முட்டியும் தைத்த ஃபார்வர்டை வெறும் வாய்ச்சொல்லுக்கு எந்தக் கிளப்பும் எடுக்காது. இது உமாவுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

3

ஆடி அமாவாசையை ஒட்டி அப்பாவுக்குத் திவசம். நான் கிளம்பும்போது உமாவும் வருகிறேன் என்றாள். கோடை இடைவேளை; தினமும் செய்ய வேண்டிய உடற்பயிற்சியை எங்கேயும் செய்யலாம் என்று கிளப் டாக்டரம்மா அனுமதித்தாள். செல்விக்கு லீவு கிடைக்கவில்லை.

ஊர் வீட்டில் இருப்பது என் அக்கா பகவதி. அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் மஸ்கட்டில். அவன் அனுப்பிய போனில்தான் உமாவின் ஆட்டங்களை அக்கா பார்ப்பாள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, ஏறவில்லை. "பிள்ளை கோலடிச்ச பொறவு அந்தக் கொடிக்காரன் என்னத்துக்குக் கொடியைத் தூக்குகான்? அவனுக்கு என்ன வயித்தெரிச்சல்?" என்பாள்.

வந்து இறங்கிய அன்றே உமாவின் முட்டியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அழுதாள். தழும்பு நீளமாக இருந்தது, பயணத்தில் கொஞ்சம் வீங்கியும் இருந்தது.

"ஏட்டி, இத இப்பிடி அறுத்துப் போட்டிருக்கானுவளே. புதுக்கடைப் பக்கம் ஒரு ஆசான் இருக்காரு. வர்ம ஆசான். மரத்துல இருந்து விழுந்தவனையெல்லாம் நடக்க வச்சிருக்காரு. ஒரு எட்டு போய்ட்டு வருவமா?"

"எண்ணெய் தடவலாம் அத்தை. வாய்க்குள்ள மட்டும் ஒண்ணும் வேண்டாம்," என்றாள் உமா.

அதற்குக் காரணத்தையும் பொறுமையாகச் சொன்னாள். தேசிய முகாமுக்குப் போனவர்களை ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் வைத்திருப்பார்கள். தினமும் ஒரு மணி நேரம் எந்த விலாசத்தில் இருப்பேன் என்று முன்கூட்டியே போனில் பதிந்து வைக்கணும். அந்த நேரத்தில் சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்கள். ஆளைக் காணோம் என்று மூன்று தடவை ஆனால் ஆட்டத்துக்குத் தடை. உடம்புக்குள் கூடாதது ஏதாவது இருந்தால், அது எப்படிப் போனாலும், பொறுப்பு ஆட்டக்காரியுடையது. இருமல் மருந்துகூட டாக்டரம்மாவிடம் கேட்காமல் உமா குடிக்கமாட்டாள்.

"அதுக்கென்ன மக்கா, எண்ணெய் மட்டும் போதும்," என்றாள் அக்கா.

திவசத்துக்கு வேண்டிய சாமான் வாங்க நான் அலைந்துகொண்டிருந்தேன். அக்கா ஒரு நாள் தனியாகப் புதுக்கடைக்குப் போய் ஆசானைப் பார்த்து எண்ணெய் வாங்கி வந்தாள். தினமும் காலையில் உமா பயிற்சி முடித்து வேர்வையோடு வந்து உட்கார்ந்ததும் உளுந்தங்கஞ்சி கொடுப்பாள். கருப்பட்டி போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, கிண்ணம் வழிய வழிய. உமா ருசித்துக் குடிப்பாள். ஒரு நாள், லேசாகக் கசக்கிறதே அத்தை என்று கேட்டாள். "வெந்தயம் மக்கா," என்றாள் அக்கா.

முட்டி வீக்கம் வற்றியது. அதைப் பார்த்து எனக்கும் மனசுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

4

திவசம் முடிந்த மறுநாள் காலை, வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெண்ணும் ஓர் ஆளும் இறங்கினார்கள். கழுத்தில் அட்டை, கையில் பெட்டி. பாங்கிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அக்கா நாற்காலி எடுத்துப் போட்டாள்.

அவர்கள் ஊக்கமருந்துச் சோதனைக்கு வந்தவர்கள். சுவீடனில் கேட்டுக்கொண்டதன்பேரில் திருவனந்தபுரத்திலிருந்து விடியுமுன்னே கிளம்பி வந்திருக்கிறார்கள். உமா பதிந்த விலாசத்தில் கதவு எண் இருந்தும், எங்கள் தெருவில் எந்த வீட்டு எண்ணும் வரிசையாக இல்லாததால் டீக்கடையில் விசாரித்து வழி கேட்டிருக்கிறார்கள். உமாவுக்கு இது புதிதில்லை. போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தயாராக உட்கார்ந்தாள்.

சிறுநீர் எடுக்கும்போது அந்தப் பெண் அதிகாரி கூடவே உள்ளே நின்று பார்க்கணும், அதுதான் விதி. இதை அறிந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏலே, அவ பிள்ளை கூட கக்கூசுக்குள்ள போறா பாரு. நீ அப்பன்தானே? பாத்துக்கிட்டு நிக்கியா?"

"விதி அக்கா."

"நல்ல விதி! இதுக்காலே சீமைக்குப் போனிய?"

பிறகு அந்தப் பெண் உமாவைக் கூடத்தில் உட்கார வைத்து, கடந்த வாரத்தில் என்னென்ன மருந்து எடுத்தாய் என்று கேட்டாள். விமானத்தில் தலைவலிக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான் என்றாள் உமா. நல்ல பெண், தமிழிலும் ஒருமுறை கேட்டாள்: "நாட்டு மருந்து ஏதாவது?"

"இல்ல," என்று சொல்லி உமா கையெழுத்துப் போட்டாள்.

அக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்து மூடியதை நான் பார்த்தேன். காப்பி வேணுமா என்று கேட்க வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

5

கார் போனதும் அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தப் பிள்ளை நாட்டு மருந்து உண்டுமான்னு கேட்டாளே, நீ இல்லேன்னுட்டியே மக்கா. பெரிய மனுசங்க பேசும்போ நடுவுல விழுந்தா மரியாதை இல்லேன்னு நான் இருந்தேன்."

"என்ன நாட்டு மருந்து அத்தை?"

"கஞ்சியில கலக்கித் தந்தேம்லா. ஆசான் தந்த சூரணம். சொன்னா நீ குடிக்கமாட்டே. இப்ப காலைப் பாரு, எப்பிடி வத்தியிருக்குன்னு."

அக்காவின் முகத்தில் அத்தனை சந்தோஷம். உமா காப்பியைக் கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "யாருக்கும் போன் பண்ணாதே. பச்சிலையாத்தான் இருக்கும். அவங்களாக் கண்டுபிடிச்சா அப்ப பாத்துக்கலாம்."

உமாவுக்குக் கோபம் வந்தால் சுவீடிஷுக்குப் போய்விடுவாள். அங்கே போனபின் என்னால் அவளைப் பிடிக்க முடியாது. இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அப்பா, அது பொய்யாகிவிட்டது, இப்போதே திருத்தணும் என்றாள். அந்த நிமிஷம் அவள் என் மகளாகத் தெரியவில்லை, பட்டறையில் என் தலைக்கு மேலே இருக்கிற சுவீடன் அதிகாரி மாதிரி தெரிந்தாள். நான் சொன்னது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. மகள் பிழைப்பு போகிறதே என்றால் எந்த அப்பனும் அதைத்தான் சொல்வான்.

டாக்டரம்மா வீடியோவில் வந்தாள். சத்தம் போடவில்லை, சுவீடனில் யாரும் போடமாட்டார்கள். என்ன மருந்து, எத்தனை வேளை என்று கேட்டாள். அக்கா சொன்னதை நான் சுவீடிஷில் சொன்னேன். கடைசியில் டாக்டரம்மா, கொடுக்கும் முன் உமாவிடம் ஏன் கேட்கவில்லை என்று அக்காவிடம் கேட்கச் சொன்னாள்.

கேட்டேன். அக்காவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பிள்ளைக்கு ஆக்கிப் போடுகதுக்கு யாருகிட்ட கேக்கணும்? என்னல பேசுகா இவ?"

இதை நான் எப்படி மொழிபெயர்ப்பேன்? உமா சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிநேகிதி வீட்டுக்கு விளையாடப் போவாள். சாப்பாட்டு நேரம் வந்தால் அந்த வீட்டார் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உமா பக்கத்து அறையில் பொம்மையோடு காத்திருப்பாள். முதல் தடவை கேள்விப்பட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வாய் கொடுக்க மனசில்லாத சனங்களா என்று செல்வியிடம் கத்தினேன். பிறகுதான் தெரிந்தது, அது கஞ்சத்தனமில்லை. அடுத்தவர் பிள்ளைக்குக் கேட்காமல் சோறு போடுவது இங்கே அத்துமீறல். அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன சமைத்திருக்கிறார்களோ, பிள்ளைக்கு எது ஒத்துக்காதோ, நாம் யார் முடிவு செய்ய? அப்படி ஒரு மரியாதை. உமா வளர்ந்தது அந்த மரியாதையில். அக்கா வளர்ந்தது, வாசலில் நிற்கிறவனைச் சாப்பிட்டாயா என்று கேட்பதுகூடத் தப்பு, இலையைப் போட்டுவிட வேண்டும் என்கிற வீட்டில்.

"கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை," என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். முப்பது வருஷத்துச் சுவீடிஷ் எனக்கு அவ்வளவுதான் கைகொடுத்தது.

6

சூரணத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நல்லது என்றாள் டாக்டரம்மா. அக்காவையும் கூட்டிக்கொண்டு காரில் புதுக்கடைக்குப் போனேன். ஆசான் மரியாதையான மனுஷர். எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"அது பறையப்பிடாது. குருவுக்க வாக்கு. பயப்படாண்டாம், பச்சிலை மட்டும்தான்."

"ஆசானே, என் பிள்ளைக்க பிழைப்பு."

"பிள்ளைக்க கால் கொள்ளாமா, கொள்ளாதா? அதைச் சொல்லுங்க."

கால் நன்றாகத்தான் இருந்தது. கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டபின் நாலைந்து பெயர் சொன்னார்: நொச்சி, முடக்கத்தான், அமுக்கிரா, தாமரைக் கொட்டையின் பருப்பு. மிச்சத்தைச் சொல்லவில்லை. நான் அதை டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். தாமரை விதைக்குள் இருக்கிற பச்சைக் குருத்தில் ஒரு சத்து உண்டாம், அது தடைப் பட்டியலில் இருக்கிறதாம் என்று பதில் வந்தது. உடம்பில் தங்கியதா இல்லையா என்று ஆய்வகம்தான் சொல்லணும்.

திரும்பும் வழியில் குளமெல்லாம் தாமரை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள்.

"ஏலே தாணு, சாமிக்கு வைக்க பூவுல்லா. அது பிள்ளைய என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது அக்கா."

"செய்யும்னா இப்பவே சொல்லிரு. நான் தெரியாம இருக்கப்பிடாது."

ஒன்றும் செய்யாது என்று மறுபடியும் சொன்னேன். மிச்சமிருந்த நாட்களில் அக்கா உமாவுக்குத் தட்டு வைக்கும்போதெல்லாம், இதில் உப்பு, மிளகு, தேங்காய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி வைத்தாள். உமா, போதும் அத்தை, சொல்லாண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வாள்.

7

சுவீடன் திரும்பியதும் கிளப்பில் கூடிப் பேசினார்கள். உமா தானாகச் சொன்னதைப் பாராட்டினார்கள். ஆனால் சோதனை முடிவு வரும்வரை களத்தில் இறக்க வேண்டாம், அணிக்குச் சிக்கல் வரலாம் என்று முடிவானது. ஆகஸ்டில் ஆட வேண்டியவள், கால் முழுசாகத் தேறியவள், சீருடை இல்லாமல் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தாள். பட்டறை முடிந்து நானும் போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். ஃபார்வர்டுக்கு ஆள் வேண்டுமே, டென்மார்க்கிலிருந்து ஒரு சின்னப் பெண்ணை இரவலாகக் கொண்டுவந்தார்கள். வந்த முதல் ஆட்டத்திலேயே கோல். உமா எழுந்து நின்று கைதட்டினாள். நான் தட்டவில்லை.

செப்டம்பர் பாதியில் முடிவு வந்தது. ஒன்றும் இல்லை, சுத்தம். அன்று ராத்திரியே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பாத்தியா! நான் அப்பவே சொன்னேம்லா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். மறுநாள் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் உடைத்தாளாம்.

ஆனால் அந்தச் சின்னப் பெண் கோலடித்துக்கொண்டே இருந்தாள். உமா ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் இறங்குவாள், ஓடுவாள், பந்து வராது. நவம்பரில் பயிற்சியாளர் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். பேச்சு முழுக்க நன்றி, நன்றிதான். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வேறு மூன்று கிளப்புகளில் விசாரித்தாள். இரண்டு முட்டி என்றார்கள். அந்த மருந்து விவகாரம் என்ன என்றும் ஒருவர் கேட்டார். சோதனையில் ஒன்றுமில்லை என்று அவள் சொன்னபின் அங்கிருந்து பதிலே வரவில்லை.

எனக்கு அக்காமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தூக்கத்தில்கூட அவளோடு சண்டை போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"ஏலே, பிள்ளைக்க ஆட்டம் எப்ப? எத்தனை நாளா போனைத் தடவித் தடவிப் பாக்கேன், ஒண்ணும் வரல்ல."

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். "அக்கா, உனக்க கஞ்சி இருக்கே…"

உமா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, நான் ஆட்டத்தை நிறுத்திட்டேன்."

"எவன் நிறுத்தச் சொன்னான்?"

"யாரும் சொல்லல்ல. நானேதான். போதும்னு தோணிச்சு."

பிறகு அக்கா மெல்லக் கேட்டாள்.

"எனக்க கஞ்சியினாலயா மக்கா?"

"கஞ்சியினாலயா? இல்லவே இல்ல. அதுலதான் கால் சரியாச்சு."

அக்கா பெருமூச்சு விட்டது இங்கே வரைக்கும் கேட்டது.

"அப்பிடின்னா நல்லதாப் போச்சு. இனி எவளும் பெட்டியத் தூக்கிக்கிட்டு உனக்க பின்னால வரமாட்டா. இனி அத்தை தாறது எல்லாத்தையும் யாருட்டயும் கேக்காமத் தின்னலாம், கேட்டியா?"

"ஆமா அத்தை," என்றாள் உமா. "எல்லாம் தின்னலாம்."